அடக்கப் பூசையில சிரிச்சாங்க

சிரிச்சாங்கம்மா. நடுக்கோயில்ல பெட்டி இருக்கு, சுத்தி மெழுகுதிரி எரியுது, சனம் வாசல் வரைக்கும் நிக்குது, அப்பச் சிரிச்சாங்க. அடக்கப் பூசையில சிரிப்புச் சத்தம் நீங்க கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன். சிரிக்க வச்சதே நான்தான்னு ஊர் சொல்லுது. நான் இல்ல, மெஷினு.

கண்ணைத் தொறக்காதீங்க. சொட்டு மருந்து விட்டா மூடியேதான் இருக்கணும்னு அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிட்டுப் போச்சுல்லா. நானும் மூடித்தான் இருக்கேன். நீங்க கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது. என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான். முகம் பாத்து இதைச் சொல்ல என்னால ஆகாது. எங்க ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல.

எந்த ஊரு நீங்க? திண்டுக்கல்லா. சரி. நான் தூத்துக்குடிக்குத் தெக்க, கடற்கரை ஊரு. பேரு ஜெசிந்தா. பேரைச் சொன்னா ஊர்ல யாருக்கும் தெரியாது, டீச்சர்னாத்தான் தெரியும். கோயில் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தேன். கல்யாணம் கட்டிக்கல. ரிட்டயர் ஆன பிறகு வீட்டுல நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தவளை ஃபாதர்தான் கூப்பிட்டு, கோயில் கம்ப்யூட்டரை நீங்க பாத்துக்கோங்க டீச்சர்னு சொன்னாரு. அதுதான் எனக்கு எல்லாம். ஞாயித்துக்கிழமை ஒரு பூசை, சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு, அப்புறம் கல்யாணம், சாவு. நான் இல்லாம ஒண்ணும் நடக்காது.

எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அதை முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு என்ன, கண்புரையா? பாவம். இந்த மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கு நான் வந்தது சும்மா ஒரு அத்தாட்சிக்கு. டாக்டர் வாயால இவங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டா, ஊர் வாயை அடைச்சிரலாம் பாருங்க.

என்ன கேட்டீங்க? கோயிலுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரா? பாட்டுக்குத்தான். முன்ன எல்லாம் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் கையில வச்சிருப்போம். இப்ப பீடத்துக்குப் பக்கத்துச் சுவத்துல புரொஜெக்டர் போட்டு, பாட்டு வரி வரியா வரும். சனம் தலையைத் தூக்கிப் பாத்துப் பாடும். அந்த வரியைத் தள்ளி விடறது நான். பாடகர் குழுவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய தூணு, அதுக்குப் பின்னால ஒரு மேசை, மேசை மேல எனக்குன்னு ஒரு மானிட்டர். அதுல அடுத்தது என்ன பாட்டுன்னு எனக்கு மட்டும் தெரியும். சுவத்துல இப்பப் பாடுற பாட்டு. சுவத்துக்கு வேற, எனக்கு வேற. புரியுதா?

அப்படிப் பிரிச்சு வச்சுக் கொடுத்தவரு காஸ்பர் அண்ணன். கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவரு. பாக்காத நாடு இல்ல. கரைக்கு வந்த பிறகு சும்மா இருக்க மாட்டாரு, எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருப்பாரு. கோயில் கம்ப்யூட்டர் பழசு, தொறந்தா ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம், அவ்வளவு மெதுவு. அதுல லினக்ஸுன்னு ஒண்ணைப் போட்டாரு. ஓசியில கிடைக்கிறதுதான், ஆனா விறுவிறுன்னு ஓடிச்சு. எனக்கும் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தாரு. அவர் பொஞ்சாதி பிலோமினா என்கூட ஒண்ணாம் வகுப்புல இருந்து படிச்சவ. பிலோன்னுதான் நான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் ஜெசி.

சரி. ஒரு வருசத்துக்கு முந்தி அந்த மானிட்டர்ல எழுத்து சின்னதாக ஆரம்பிச்சுச்சு.

ஆமா, தானா. லினக்ஸுல அப்பப்ப அப்டேட்டுன்னு ஒண்ணு வரும், அதுல எதையாவது கெடுத்து விட்டிருக்கும். வாரத்துக்கு வாரம் எழுத்து இளைச்சுக்கிட்டே போச்சு. எறும்பு ஊர்ற மாதிரி. ரானாவா, கானாவான்னு மூக்கை மானிட்டர்ல வச்சு உரசுனாத்தான் தெரியும். காஸ்பர் அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. டீச்சர்னு பேரு வாங்கிட்டு எழுத்துத் தெரியலன்னு எப்படிம்மா சொல்றது? நானே தேடினேன். செட்டிங்ஸுக்குள்ள போனா டிஸ்பிளேன்னு இருக்கு, அதுக்குள்ள ரெசல்யூஷன். அந்த எண்ணைக் குறைச்சா எழுத்து பெருசாகும். குறைச்சாப் பெருசு, கூட்டினாச் சிறுசு. வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கே அது வேடிக்கையா இருந்துச்சு.

ஒரு படி குறைச்சேன். கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு. மறுபடி இளைச்சுது. இன்னொரு படி. கடைசியில மானிட்டர்ல நாலு வரிதான் கொள்ளும்ங்கிற மாதிரி ஆயிருச்சு, ஓரமெல்லாம் மசமசன்னு. காஸ்பர் அண்ணன் வந்து பாத்துட்டு, "யாரு டீச்சர் இதை மாத்துனது?"ன்னாரு.

"யாரு மாத்துவா? தானா மாறுது"ன்னேன்.

அவரு அதை நம்பிட்டாரும்மா. அதுதான். பழையபடி வச்சிட்டுப் போவாரு, நான் குறைப்பேன், அவர் வருவாரு, "மறுபடியும் மாறியிருக்கே"ம்பாரு. மேசைக்கு அடியில தரையில மல்லாந்து படுத்து ஒவ்வொரு கேபிளாப் பிடுங்கிச் சொருகுவாரு. நெஞ்சு வலி வந்து மருந்து சாப்பிடுற மனுசன். லினக்ஸுக்காரங்க எங்கெங்கயோ இருப்பாங்களாம், அவங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டுக் கேட்டாரு, எங்க கோயில்ல ரெசல்யூஷன் தானா மாறுதுன்னு. பதில் எழுதினவங்க எல்லாம் அப்படி மாறாதேன்னு எழுதினாங்களாம். என்கிட்ட வந்து படிச்சுக் காட்டுவாரு. நான் "அவங்களுக்கு என்ன தெரியும்"னுட்டேன்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? இல்லையா. பரவாயில்ல.

அப்புறம் ஒரு சனிக்கிழமை போய்ப் பாக்கேன், எழுத்தெல்லாம் பெருசா இருக்கு. நான் குறைச்சு வச்ச மாதிரி மசமசன்னு இல்ல, அச்சடிச்ச மாதிரி பளிச்சுன்னு. காஸ்பர் அண்ணன் தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "இப்ப எப்படி இருக்கு டீச்சர்?"னு கேட்டாரு.

"இப்பத்தான் சரியா இருக்கு."

"ம். கேபிள்தான் கோளாறு. மாத்திட்டேன்."

கேட்டீங்களா? கேபிள்தான் கோளாறு. அவர் வாயாலயே சொன்னாரு. இதை நான் ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவர் இருக்கல. காலையில கடற்கரைக்கு நடந்து போயிட்டு வந்தவரு வாசல்ல உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. பிலோ கூப்பிட்டு விட்டா, ஓடினேன். அவ அழல. சிலை மாதிரி இருந்தா. பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும் ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருந்தாங்க, அந்த ரெண்டு நாளும் அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. யார் வந்தாலும், சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டு இருந்தா.

அடக்கம் அன்னைக்குப் பூசையை வெளிநாட்டுச் சொந்தக்காரங்க எல்லாம் பாக்கணும்னு வீடியோக்காரங்களைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவங்க என்ன செஞ்சாங்க, எங்க புரொஜெக்டர் மங்கலா இருக்குன்னு வேற ஒண்ணை வச்சு, என் மேசைக்கு அடியில இருந்த கேபிளை எல்லாம் பிடுங்கி அவங்க இஷ்டத்துக்கு மாட்டிட்டாங்க. நான் வந்து உக்காந்தா, எழுத்து பழையபடி எறும்பாக் கிடக்கு. காஸ்பர் அண்ணன் செஞ்சு வச்சது ஒண்ணையும் காணோம். இன்னொண்ணு எனக்குத் தெரியல. என் மானிட்டர்ல என்ன தெரியுதோ அதேதான் சுவத்துலயும் தெரியுது. அவர் பிரிச்சு வச்சது ஒட்டிக்கிச்சு. தூணுக்குப் பின்னால இருந்து எனக்குச் சுவர் தெரியாதே.

காஸ்பர் அண்ணன் படம் ஒண்ணு கொடுத்திருந்தாங்க. கப்பல் உடுப்புல, வெள்ளைச் சட்டை, தொப்பி, முறுக்கு மீசை, முறைச்சுப் பாத்துக்கிட்டு. பிரசங்கம் முடிஞ்சதும் அதைச் சுவத்துல போடணும். போட்டேன். நன்மை, அதான் ஃபாதர் கையால அப்பம் வாங்குற நேரம் வந்துச்சு, பாட்டை எடுக்கணும். எங்க இருக்கு பாட்டு? தெரியல. பேரெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. குழுவுல எல்லாரும் என்னையே பாக்காங்க, கீபோர்டுக்காரரு முன்னிசையவே திரும்பத் திரும்ப வாசிக்காரு. சரி, எண்ணைக் குறைச்சுக்கிடுவோம்னு செட்டிங்ஸைத் தொறந்தேன்.

சுவத்துல, காஸ்பர் அண்ணன் மூஞ்சி மேல, அத்தாம் பெரிய ஜன்னல் தொறந்திருக்கு. சனம் பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குத் தெரியாது.

ரெசல்யூஷனுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், படத்தைச் சாச்சுத் திருப்பி வைக்கிறதுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்மா, யாரா இருந்தாலும் தவறும். நான் அதைத் தொட்டிருக்கேன். எதையோ அமுக்கினேன். ஒரு நிமிசம் எல்லாம் கறுப்பாச்சு. திரும்ப வந்தா, என் மானிட்டர் தலைகீழா இருக்கு.

காஸ்பர் அண்ணன் தலைகீழாத் தொங்குறாரு.

அப்ப ஒரு சின்னப் பெட்டி வரும், லினக்ஸுல. இப்படியே வச்சுக்கிடவா, இல்ல பழையபடி மாத்திடவான்னு கேக்கும். நாம ஒண்ணுமே செய்யாம கையைக் கட்டிக்கிட்டு இருந்தா, கொஞ்ச நேரத்துல அதுவே பழையபடி மாறிடும். காஸ்பர் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரு. "பயந்துட்டீங்கன்னா கையை எடுத்துருங்க டீச்சர், அது பாத்துக்கிடும்"னு. எனக்கு அது ஞாபகம் வரல. அந்தப் பெட்டியும் தலைகீழா இருக்கு, எழுத்தோ பொடி எழுத்து. மவுஸை வலதுக்குத் தள்ளினா அது இடதுக்குப் போகுது. மேல தள்ளினா கீழ வருது. எப்படியோ பிடிச்சு ஒண்ணை அமுக்கினேன். அது, இப்படியே வச்சுக்கோங்கிறது.

முதல்ல முணுமுணுன்னு ஒரு சத்தம். அப்புறம் முன் பெஞ்சுல இருந்து ஒரு சிரிப்பு. ஒரு பொம்பளைச் சிரிப்பு. அடக்கி அடக்கிப் பாத்து முடியாம வெடிச்சு வருமே, அப்படி. அது ஒண்ணுதான் தாமதம். பொசுபொசுன்னு அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கிளம்பி, கோயிலே சிரிச்சுச்சு. ஃபாதர் கையில நன்மைக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு நிக்காரு. யாரோ ஓடி வந்து புரொஜெக்டரை அணைச்சாங்க. சுவத்துல வரி இல்லையா, பாட்டு யாருக்கும் மனப்பாடம் இல்ல. ரெண்டு வரி பாடிட்டு, மிச்சத்துக்கு ம்ம் ம்ம்னு முனகினாங்க. காஸ்பர் அண்ணனை அந்த முனகல்ல வச்சுத்தான் வழியனுப்பினோம்.

நான் மேசையை விட்டு எந்திரிக்கல. முதல்ல சிரிச்சது யாருன்னு அந்தச் சிரிப்புலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒண்ணாம் வகுப்புல இருந்து கேக்குற சிரிப்பு. பிலோ.

புருசன் பெட்டிக்கு முன்னால உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கா.

கல்லறைத் தோட்டத்துக்கு எல்லாரும் போகும்போது நானும் பின்னாலயே போனேன். போகாம இருந்தா அதுக்கும் பேசுவாங்கல்லா. வாசல்கிட்ட நாலஞ்சு பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன டீச்சர் இப்படி ஆயிருச்சு?" நான் சொன்னேன், "நானா செஞ்சேன்? ஓசியில வந்ததைப் போட்டு வச்சா அப்படித்தான் ஆகும். காஸ்பர் அண்ணன் செஞ்ச வேலை எதுதான் ஒழுங்கா நின்னுருக்கு?"ன்னு. சொல்லிட்டுத் திரும்புறேன், பிலோ நிக்கா. குழியில போடுறதுக்கு எடுத்த மண்ணு கையில இருக்கு. என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா.

நான் அவரைச் சொல்லலம்மா. மெஷினைத்தான் சொன்னேன். வார்த்தை அப்படி வந்திருச்சு.

அதோட நான் கோயிலுக்குப் போறதை விட்டுட்டேன். பஸ் ஏறி வேற ஊர்க் கோயில்ல கடைசிப் பெஞ்சுல உக்காந்துட்டு வருவேன். கடைக்குப் போனா எல்லாரும் என்னைப் பாத்துத் தலையைச் சாய்க்கிற மாதிரி இருக்கும். மளிகைக்கடைக்காரர் ஒருநாள் கழுத்தை ஒரு பக்கமா வச்சுக்கிட்டு அரிசி நிறுத்தாரு, நான் பையைக் கூட எடுக்காம வந்துட்டேன். அவருக்கு உண்மையிலேயே சுளுக்காம், பிறகுதான் கேள்விப்பட்டேன்.

பிலோ வந்தா. முதல் நாள் தட்டினா, நான் தொறக்கல. ரெண்டாம் நாளும் தொறக்கல. மறுநாள் அவ தட்டவே இல்ல. ஜன்னலுக்குக் கீழ படியில உக்காந்துக்கிட்டு, எங்க பேச்சுல சத்தமாப் பேச ஆரம்பிச்சிட்டா.

"நான் உன்னப் பாத்தா சிரிச்சேன்? எதுக்குடி அப்படி நெனைக்க?"

நான் ஜன்னல் திரையை இழுத்து விட்டேன்.

"அந்த மனுசன் தினம் காலையில தலைகீழா நிப்பாருடி. கப்பல்ல பழகுனது. அடுக்களைச் சுவத்துல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, இடுப்புல கட்டுன சாரத்தை இடுக்கிக்கிட்டு. நான் டீ போட்டுக்கிட்டே அந்த மூஞ்சியத்தான் பாப்பேன். மீசை மேல, கண்ணு கீழ. அப்படியே நின்னுக்கிட்டு, சீனி கம்மியாப் போடுன்னு எனக்கு உத்தரவு வேற. வெள்ளச் சட்டையப் போட்டு முறைச்சுக்கிட்டு இருக்குற அந்தப் படத்துல இருக்குறது யாருன்னே எனக்குத் தெரியல ஜெசி. ரெண்டு நாளா அதப் பாத்துப் பாத்து எனக்கு அழுகையே வரல. நீ திருப்புன பாரு, அப்பத்தான் என் மனுசன் வந்தாரு. சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன். நீ பாக்கல?"

நான் பாக்கலம்மா. தூணு மறைச்சிருச்சுல்லா. தூணு இல்லாட்டியும் அவ்வளவு தூரத்துல... சரி, அதை விடுங்க. எனக்கு முதல்ல நம்பிக்கை வரல. சமாதானத்துக்குச் சொல்றான்னு நினைச்சேன். தலைகீழா நிக்கிறவரு எந்த ஊர்ல இருக்காரு? ஆனா சீனி கம்மியாப் போடுன்னு சொன்னாருன்னாளே, அதை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது இல்லையா.

அதோட விட்டிருந்தா நான் கதவைத் தொறந்திருப்பேன். அவ விடல.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. கேபிளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவருதான் உனக்கு எழுத்தப் பெருசாக்கி வச்சாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. டீச்சருக்குக் கண்ணு போகுது பிலோ, நான் சொன்னா ரோசப்படுவாங்க, நீ பக்குவமாச் சொல்லி மதுரைக்குக் கூட்டிட்டுப் போன்னாரு. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? கோயில் முழுக்கச் சிரிச்சப்பக் கூட நான் அப்படிக் குறுகல. அவரு தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்காரு. தானா மாறுதுன்னு நான் சொன்னதை ஒரு வார்த்தை திருப்பிக் கேக்காம, கேபிள்னு எனக்காகப் பொய் சொல்லியிருக்காரு. அவரை நான் தரையில படுக்க வச்சுத் தேட விட்டேன். அவரைக் குழிக்குள்ள இறக்குறதுக்கு முந்தி அந்தப் பேச்சுப் பேசினேன். மன்னிப்புக் கேக்கணும்னாலும் யார்கிட்டக் கேக்க?

கதவைத் தொறந்தேன். தொறந்துட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். என் வாய் அப்படி. அவ "சரி, நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லட்டும், வா"ன்னு சேலையை எடுத்துக் கையில கொடுத்தா. பஸ் ஏத்தி இங்க கொண்டு வந்ததும் அவதான். வழி பூராவும் அந்த விசயத்தைப் பத்தி ஒரு பேச்சுப் பேசல. அவரு வீட்டுல விட்டுட்டுப் போன வயரும் கருவியும் அறை நிறைய இருக்காம், அதைச் சொல்லிக்கிட்டு வந்தா. இப்ப டீ வாங்கப் போயிருக்கா.

காலையில முதல்ல அந்தப் போர்டைப் படிக்கச் சொன்னாங்கல்லா, எழுத்து பெருசுல இருந்து சிறுசா இறங்குமே, உங்களையும் நிக்க வச்சாங்களா? எனக்கு முந்தி ஒரு பெரியவர் நின்னாரு. நல்ல கண்ணு அவருக்கு, கடைசி வரி வரைக்கும் கணீர்னு படிச்சாரு. டீச்சர் இல்லையா நான், ஒரு தடவை கேட்டாப் போதும். என் முறை வந்ததும் நின்னு அப்படியே ஒப்பிச்சேன். நர்ஸ் பிள்ளை, "பரவாயில்லையே, எல்லாம் சரியாச் சொல்றீங்களே"ன்னுச்சு. அத்தாட்சி கிடைச்சாச்சுன்னு சந்தோசமா வந்து உக்காந்தேன்.

சந்தோசமாத்தான் இருந்தேன், உங்ககிட்டப் பேச ஆரம்பிக்கிற வரைக்கும்.

யாரு வர்றது? பிலோவா? செருப்புச் சத்தம் அவளோடதுதான்.

பிலோ, இங்க வா. டீயைக் கீழ வை, அப்புறம் குடிக்கலாம். நான் அந்தப் போர்டைப் படிக்கலடி. முன்னால நின்னவரு சொன்னதைச் சொன்னேன். மேல இருக்குற பெரிய எழுத்தே எனக்குத் தெரியல. அழாத, எல்லாரும் பாப்பாங்க. போய் அந்த நர்ஸ் பிள்ளைகிட்டச் சொல்லு, டீச்சரை மறுபடி நிக்க வைக்கணும்னு. எனக்கு முன்னால யாரையும் படிக்க விட வேணாம்னும் சொல்லு.